வெள்ளை என்ஜினுக்கு எந்தப் பெட்டி

மாசி மகத்தன்று எங்கள் குப்பத்தில் பெரிய படகுகள் கரையில் கிடக்கும். சின்னப் படகுகள்தான் கடலுக்குப் போகும். சின்னப் படகு என்றால் ஒரு முழம், மிஞ்சினால் இரண்டு முழம். படகு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் தன் படகைப் போலவே ஒன்றைச் செய்து, அதே சாயம் அடித்து, அதே பெயரையும் நம்பரையும் எழுதி, சாமிக்குப் பின்னால் தலையில் தூக்கிக்கொண்டு வரும். அலை வந்து பாதத்தைத் தொடுகிற இடத்தில் ஊர்த் தலைவர் நிற்பார். அவரை நாங்கள் நாட்டார் என்போம். வருகிற ஒவ்வொருவரிடமும், "யாரு வூட்டுது? என்னாது?" என்று கேட்பார். தூக்கி வந்தவர் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அலையில் முக்கி எடுக்கலாம்.

பெரிய படகில் ஒடுக்கு விழுந்திருந்தால் சின்னதிலும் அந்த ஒடுக்கு இருக்க வேண்டும். இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஒரு வருஷம் பூவராகன், தன் படகுக்கு இன்னும் வாங்காத இரண்டாவது மோட்டாரைச் சின்னப் படகில் முன்கூட்டியே மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"வர்ற வைகாசில வாங்கிடுவேன்" என்றார்.

நாட்டார் கட்டிங்பிளேயர் வரவழைத்து, கூட்டத்துக்கு முன்னாலேயே அந்த மோட்டாரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார். "வாங்கினப்புறம் ஒட்டிக்க." இன்றைக்கும் பூவராகன் தெருவில் நடந்தால் எங்கிருந்தாவது ஒரு பையன் வாயால் மோட்டார் ஓட்டுவான்.

அந்தச் சின்னப் படகுகளில் பாதிக்கு மேல் தனக்கோடி மாமா செய்தவை. எங்கள் எதிர்வீடு. உறவு கிடையாது, இருந்தாலும் மாமா. உப்பனாற்றங்கரையில் தகரக் கொட்டகை போட்டு ஃபைபர் படகு ஊற்றுகிறார். அச்சுக்குள் கண்ணாடி நார்ப்பாயை விரித்து, ரெசினைப் பூசி, இறுகவிட்டு, அச்சைத் தட்டிக் கழற்றும்போது உள்ளிருந்து ஒரு படகு பிறந்து வரும். அந்த நேரம் யார் பேசினாலும் அவருக்குக் காது கேட்காது. அவர் ஊற்றிய படகு பிளந்தது என்று இதுவரை யாரும் வந்து நின்றதில்லை.

ஆனால் அவருக்கென்று ஒரு படகு இல்லை. கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. பதினாறு வயதில் அவருடைய அப்பா அவரைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டாவது அலையைத் தாண்டுவதற்குள் குடலே வாய்க்கு வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் ஊர் அவருக்குக் 'கரை மீன்' என்று பெயர் வைத்துவிட்டது. மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயதாகிவிட்டது. பெயர் மட்டும் வயதாகாமல் அப்படியே இருக்கிறது. மாசி மக ஊர்வலத்தில் அவர் செய்த படகுகள் வரிசையாகப் போக, அவர் வெறுங்கையோடு கடைசியில் நடந்து வருவார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொள்வார்.

போன வருஷம் அவர் மகள் மோகனப்பிரியாவுக்கு ரயில்வேயில் புரமோஷன் வந்தது.

மோகனப்பிரியா பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படித்தவள். பரீட்சை எழுதி உதவி லோகோ பைலட் ஆனாள். வருஷக்கணக்கில் கூட்ஸ் வண்டி. நெல்லும் நிலக்கரியும் சிமெண்டும்தான் அவளோடு வந்த பயணிகள். இப்போது விழுப்புரத்தில் போஸ்டிங். மயிலாடுதுறை போகிற பாசஞ்சரை ஓட்டுகிறாள். காலையில் திருப்பாதிரிப்புலியூர் வந்து, முதுநகர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒன்று விடாமல் நின்று சிதம்பரம் போகிற வண்டி.

செய்தி குப்பத்துக்குள் வந்தபோது கொஞ்சம் வளர்ந்துதான் வந்தது. பையன்கள் வாட்ஸப்பில் அவள் படத்துக்குப் பக்கத்தில் சோழன் எக்ஸ்பிரஸ் படத்தை ஒட்டி, தீப்பிடிக்கிற எழுத்தில் 'எங்கள் குப்பத்துச் சிங்கம்' என்று போட்டார்கள். டீக்கடையில் பூவராகன், "நம்ம அக்கா பொண்ணு சோழனையே ஓட்டுது" என்றார். தனக்கோடி மாமா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

தை மாத ஊர்க்கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இந்த மாசி மகத்துக்கு எங்க வூட்டுல இருந்து நானும் ஒண்ணு தூக்கலாம்னு இருக்கேன்."

"என்னா மாமா, படகு வாங்கிட்டியா?" என்றது ஒரு குரல்.

"இல்ல. என்ஜினு. ரயிலு என்ஜினு."

கூட்டம் ஒரு நிமிஷம் விழித்துவிட்டுச் சிரித்தது. ரயிலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றார் ஒருவர். அது கவர்ன்மெண்ட் சொத்து, அது எப்படி உன் வீட்டுது ஆகும் என்றார் இன்னொருவர். மாமாவுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

"படகுக்கும் என்ஜினுக்கும் என்னா வித்தியாசம்? கைய வெச்சு ஓட்டிக்கினு போயி, பொழப்பப் பாத்துட்டு, பத்திரமா வூட்டுக்குத் திரும்பறதுதான? எங்க வூட்டுல எம் பொண்ணு ஓட்டுது. அவ்ளோதான்."

நாட்டார் விஜயகுமார் பேண்ட் போட்ட நாட்டார், நாற்பது வயதுக்காரர். "ஓட்டுறவுங்க வூட்டுல இருந்து தூக்கிக்கலாம்" என்றார். "ஆனா மாமா, புள்ள எத ஓட்டுதோ அதத்தான் தூக்கணும். கலரு மாறக் கூடாது. ஒண்ணு கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. ஒனக்குச் சொல்லவேண்டியதில்ல."

"நான் செஞ்ச படகுல எப்பனா கலரு மாறியிருக்கா?" என்றார் மாமா. உட்காரும்போது கையைப் பின்னால் கட்டவில்லை.

என்ஜினை அவர் செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். வாரத்தில் பாதி நாள் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போய்ப் பிளாட்பார முனையில் நிற்பார். வருகிற என்ஜினைப் பார்ப்பார். பார்த்த கையோடு கொட்டகைக்கு ஓடிவந்து பிளைவுட்டில் அச்சு வெட்டுவார். வெள்ளை உடம்பு, இடுப்பைச் சுற்றிச் சிவப்புப் பட்டை. மேலே கரண்டுக் கம்பியைத் தொடுகிற கொம்புக்குப் பழைய குடைக்கம்பியை வளைத்தார். நெற்றியில் விளக்கு. டிரைவர் ஜன்னலுக்குக் கண்ணாடி வேண்டும் என்று ஒரு பழைய மூக்குக் கண்ணாடியை அறுத்தார். கை நீளத்துக்கு, கொழுத்த வஞ்சிரம் மாதிரி, வெள்ளையும் சிவப்புமாக அது மேஜைமேல் வந்து உட்கார்ந்தபோது கொட்டகையில் இருந்த படகுகள் எல்லாம் அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது.

பூவராகன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தனக்கோடி மாமாவின் மனைவி தில்லையம்மாளுக்கு அவர் தம்பி.

"ஜாஸ்தியாவே நல்லாருக்கு மாமா. பெட்டி எங்க?"

"என்ஜின் மட்டும் தூக்கினா ஆவாதா மச்சான்?"

"பெட்டி இல்லாத என்ஜின் எங்கனா பாத்துருக்கியா? ஷெட்டுக்குப் போவுதுன்னு நெனைப்பானுவ. வலை இல்லாத படகத் தூக்கிக்கினு போவியா?"

அது மாமாவுக்குச் சரியாகப் பட்டது. அதிலிருந்துதான் தொல்லை ஆரம்பித்தது.

பூவராகன் அவரைப் பைக்கில் ஏற்றிச் சிதம்பரம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார். சோழன் வருகிற நேரமாகப் பார்த்து நிறுத்தினார். சிவப்புப் பெட்டிகள். வெயில் அவற்றின் மேல் விழுந்து வழுக்கியது. ஏசிப் பெட்டிகளின் கறுப்புக் கண்ணாடியில் பிளாட்பாரமும் புளிய மரமும் இவர்கள் இரண்டு பேரும் நீளமாக இழுபட்டுத் தெரிந்தார்கள்.

"பாத்துக்க. என்ஜின்ல செவப்புப் பட்டை. பெட்டி மொத்தமும் செவப்பு. மேட்சிங்னா இது மேட்சிங். கல்யாணப் பொடவைக்கு எடுத்த ரவிக்கைத் துணி மாதிரி."

திரும்பி வந்த அன்றே மாமா சிவப்புச் சாயம் வாங்கினார். இரண்டு பெட்டி ஊற்றினார். ஜன்னலுக்கு ஒட்டக் கறுப்புப் பிலிம். என்ஜினோடு சேர்த்து வைத்தபோது, பொய் என்று தெரிந்தாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. அவ்வளவு பொருத்தம்.

பொய் என்று அவருக்குத் தெரியும். நாட்டாருக்குத் தெரியாது, நாட்டாரும் சோழன் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. எங்கள் வாசலில் நின்றுகொண்டு பூவராகனிடம் மாமா மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"நாப்பது வருசமா கரை மீன் கரை மீன்னானுவ. மொத மொதலா ஒண்ணு தூக்கப்போறேன். அது எல்லா ஸ்டேசன்லயும் நின்னு நின்னு போற வண்டின்னா, அதுக்கும் ஒரு பேரு வெச்சுடுவானுவ மச்சான்."

"அதான் சொல்றேன். சோழன்னு சொல்லிட்டுப் போ. எவன் வந்து டிக்கெட்டு கேக்கப்போறான்?"

அந்த வாரம் ஓய்வு நாளில் மோகனப்பிரியா வந்தாள். மாமா அவளைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய், மூடியிருந்த துணியை விலக்கினார். நாங்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்ஜினைப் பெட்டியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தாள். திருப்பினாள். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் ரெசின் டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"என்னாப்பா இது, முதுகு?"

"ஏன், என்னா அதுக்கு?"

என்ஜினின் பின்பக்கம் தட்டையாக, சப்பையாக, ஒரு பலகை மாதிரி இருந்தது. படகுக்கு மோட்டார் மாட்டுகிற பின்பலகை எப்படி இருக்குமோ அப்படியே.

"என்ஜினுக்கு ஏதுப்பா முதுகு? ரெண்டு பக்கமும் மூஞ்சிதான். மாயவரம் போயிட்டுத் திரும்பறப்ப நான் எறங்கி அந்தப் பக்கம் ஏறி உக்காந்துக்குவேன்."

மாமா என்ஜினை வாங்கிப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நின்று அவர் பார்த்ததெல்லாம் எதிரே வருகிற முகத்தைத்தான். பின்பக்கம் எப்போதும் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். முன்னால் மூக்கு என்று ஒன்று இருந்தால் பின்னால் மோட்டாருக்குப் பலகை இருக்கும் என்பது ஆயுசு முழுக்கப் படகு கட்டிய கை தானாகவே போட்ட கணக்கு.

"மோல்டு இருக்குது. இன்னொரு மூஞ்சி ஊத்தி ஒட்டிட்டா போச்சு" என்றார். காதுமடல் சிவந்திருந்தது.

மோகனப்பிரியாவின் கண் சிவப்புப் பெட்டிக்குப் போனது. விரலால் ஜன்னல் வரிசையைத் தடவினாள்.

"சூப்பரா இருக்குப்பா. ஆனா இது நான் ஓட்டுறது இல்லியே."

"ஓட்டுவல்ல?"

"ஓட்டுவேன். அதுக்கு இன்னொரு புரமோஷன் இருக்கு."

பூவராகன் உள்ளே புகுந்தார். "அதான் ஓட்டப்போறல்ல கண்ணு? என்னா ஒரு ரெண்டு வருசம் முன்ன பின்ன..."

வாசலில் காலிக் கூடையோடு வந்து நின்ற தில்லையம்மாள், "வைகாசி மோட்டாராடா?" என்றாள்.

கொட்டகை வெடித்துச் சிரித்தது. பூவராகன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மோகனப்பிரியா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ தூக்கப்போறது. எது வேணும்னு நீயே பாத்துக்கப்பா" என்றாள். கிளம்பும்போது திரும்பி நின்றாள். "என்ஜினுக்குள்ள உக்காந்துருந்தா பின்னாடி திரும்பிப் பாக்கவே வேணாம்ப்பா. கெளப்பறப்ப ஒரு இழுப்பு இழுக்கும். என்னா மாட்டியிருக்குன்னு முதுகுக்குத் தெரியும்."

தில்லையம்மாள் மீன்காரி. துறைமுகத்தில் மீன் எடுத்து, பாசஞ்சரில் சிதம்பரம் போய், அண்ணாமலை நகர் வீடுகளில் விற்றுவிட்டு வருகிறவள். குப்பத்துப் பெண்களில் பத்துப் பதினைந்து பேருக்கு அதுதான் வண்டி. மகள் ஓட்டுகிற வண்டியில் அம்மா கூடையோடு போகிறாள் என்பது அவர்களுக்குள் பழகிப்போன சமாச்சாரம். ஆண்கள்தான் சோழன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் அதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் மீனைக் கழுவினார்கள்.

அன்று சாயங்காலம் தில்லையம்மாள் மாமாவைப் பிடித்தாள்.

"யோவ், ஒம் பொண்ணு ஓட்டுற வண்டில என்னைக்காவது ஏறியிருக்கியா?"

"பிளாட்பாரத்துல பாக்கறனே."

"பாத்தா? ஏறுனியான்னு கேட்டேன். ஏறாமலே செவப்புங்கிற. அந்தச் செவப்புப் பெட்டில நான் கூடையோட ஏறினா கழுத்தப் புடிச்சித் தள்ளுவான். நாளைக்கு என்னோட வா."

மறுநாள் காலை மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அளவெடுக்க ஒரு தூண்டில் நரம்புச் சுருளைப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குச் சிதம்பரத்தில் வேலை இருந்ததால் நானும் அதே வண்டியில் போனேன்.

திருப்பாதிரிப்புலியூரில் வண்டி வந்தது. வெள்ளை என்ஜின், அதன் பின்னால் நீலப் பெட்டிகள். வெயிலில் வெளுத்த நீலம், நடுவில் ஒரு வெளிர்நீலப் பட்டை. என்ஜினுக்கு அடுத்த பெட்டி வந்து நிற்கிற இடத்தில் பெண்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றார்கள். வண்டி வந்து நின்றபோது கதவு நேராக அவர்கள் முன்னால் நின்றது. ஒருவரும் ஓடவில்லை. கூடைகள் கை மாறி உள்ளே போயின.

"பாத்தியா?" என்றாள் தில்லையம்மாள். "மின்ன இருந்தவரு ஒரு நாளு அங்க நிறுத்துவாரு, ஒரு நாளு இங்க நிறுத்துவாரு. கூடையத் தூக்கிக்கினு ஓடி ஓடி இடுப்பு போச்சு. இவ வந்தப்புறம் ஒரே எடந்தான்."

வண்டி கிளம்பியதே தெரியவில்லை. வெளியே இருந்த பிளாட்பாரக் கடை மெல்லப் பின்னால் போனதை வைத்துத்தான் தெரிந்தது. மாமா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆலப்பாக்கத்தில் நின்றது. புதுச்சத்திரத்தில் நின்றது. ஒவ்வொரு தடவையும் அலுமினியக் கூடைகளில் இருந்த ஐஸ் தண்ணீர் கூடை விளிம்புவரை வந்து, சிந்தாமல், திரும்பிப் போனது. மாமா அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பரங்கிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் ஏறியது. கிள்ளையில் ஒரு கிழவர் ஆட்டுக்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஏறினார். பெட்டி முழுக்கச் சத்தம், மீன் வாசனை, மல்லி வாசனை, யாரோ யாரையோ திட்டுவது. மாமா மெல்ல மெல்லக் கம்பியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

சிதம்பரத்தில் இறங்கியதும் நரம்பை எடுத்துப் பெட்டியின் நீளத்தை அளக்க ஆரம்பித்துவிட்டார். ரயில்வே போலீஸ் பெண்மணி ஒருவர் வந்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க? யாரு நீங்க?"

"பெட்டி எடுக்கலாம்னு பாக்கறேம்மா."

"எதுங்க? பெட்டிய எடுக்கிறீங்களா?"

"செய்யறதுக்கு. சின்னதா. இந்த என்ஜின்ல இருக்கறது எம் பொண்ணு."

அந்த அம்மா என்ஜின் பக்கம் பார்த்தார். என்ஜின் கதவைப் பிடித்துக்கொண்டு மோகனப்பிரியா வெளியே எட்டி நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. பின்னால், பெட்டி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லையம்மாளும் மற்றப் பெண்களும் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிக் கூடை பிளாட்பாரத்தைத் தொட்டு, கடைசிப் பெண் அதிலிருந்து கையை எடுத்த பிறகே அவள் கண் நகர்ந்து, தூரத்தில் கார்டின் பச்சைக் கொடிக்குப் போனது. ஹாரன் அடித்தது. வண்டி நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக மாமாவைக் கடந்து போயின. கடைசிப் பெட்டியின் முதுகில் மஞ்சளில் பெரிதாக ஒரு எக்ஸ் குறி.

"அந்தக் குறி எதுக்கும்மா?" என்று போலீஸ் பெண்மணியிடம் கேட்டார்.

"அது இருந்தாத்தான் வண்டி முழுசா வந்துருக்குன்னு அர்த்தங்க. பாதி வழில எதுவும் கழண்டுக்கலன்னு."

மாமா தலையை ஆட்டினார். வண்டி வளைவில் மறையும் வரை நின்றார். ஒரு கையில் நரம்பு, மறு கை தானாக உயர்ந்து பாதியில் நின்றிருந்தது, டாட்டா சொல்வதா வணக்கம் வைப்பதா என்று தெரியாமல்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. தேவையும் இல்லை. என்ஜினின் சப்பை முதுகில் இன்னொரு மூஞ்சியை ஊற்றி ஒட்டினார். சிவப்புப் பெட்டிகளைத் துணியில் சுற்றிக் கொட்டகைப் பரணில் வைத்தார். இரண்டு நீலப் பெட்டி ஊற்றினார்: என்ஜினுக்கு அடுத்தது ஒன்று, எக்ஸ் குறி போட்ட கடைசி ஒன்று. சிவப்புப் பெட்டிகள் கோத்த கை மாதிரி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். நீலப் பெட்டிக்குக் கொக்கியும் சங்கிலியும், இரண்டு பக்கமும் வட்டமாக இடிதாங்கியும். அதற்கு வலைக்குப் போடுகிற சின்ன இரும்பு வளையத்தை, சாக்கிளை, மாட்டினார். நீளத்தை நரம்பு சொன்னது. என்ஜினைவிடப் பெட்டி ஒரு விரற்கடை நீளம். ரிசர்வேஷன் இல்லாத பெட்டி என்று காட்டுகிற மஞ்சள் சாய்கோடுகளை ஓரத்தில் போட்டார். கடைசியில் ஒன்று செய்தார். முதல் பெட்டியின் வாசலுக்குக் கீழே மீன் தண்ணீர் வழிந்து வழிந்து துரு பிடித்த பழுப்புக் கோடு ஒன்று உண்டு. அதை மெல்லிய பிரஷ்ஷால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அப்படியே இழுத்தார்.

பூவராகன் வந்து பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"மாமா, பட்டு வேட்டி கட்டிக்கினு மேல லுங்கியத் துண்டாப் போட்ட மாதிரி இருக்குது. என்னா மேட்சிங் இது? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும் மச்சான்."

"நாட்டாரு கேப்பாரு. பையனுவ பேனரு அடிச்சிட்டானுவ. பேனர்ல செவப்பு!"

"பேனரு நான் அடிக்கல."

மாசி மகத்தன்று காலையில் மேளம் கிளம்பியது. மாரியம்மன் முன்னால் போக, படகுகள் பின்னால் போயின. பூவராகன் தன் ஒற்றை மோட்டார் படகைத் தூக்கிக்கொண்டு நாலாவதாகப் போனார். வரிசையின் நடுவில், தலையில் சும்மாடு வைத்து, பலகைமேல் என்ஜினும் இரண்டு நீலப் பெட்டியும் ஏற்றிக்கொண்டு தனக்கோடி மாமா நடந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக வந்தேன். இவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பலகை ஆடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

கடற்கரையில் கூட்டம். பையன்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு, "சோழன்! சோழன்!" என்று கத்தினார்கள். மாமாவின் முறை வந்தது. அலை வந்து அவர் கணுக்காலைச் சுற்றியது.

நாட்டார் கேட்டார். "யாரு வூட்டுது?"

"எங்க வூட்டுது. எம் பொண்ணு மோகனப்பிரியா ஓட்டுறது."

"என்னாது?"

பின்னாலிருந்து, "சோழன்!" என்று மறுபடியும் ஒரு கத்தல். நாட்டாரும் சிரித்துக்கொண்டே, அதைச் சொல்லட்டும் என்று, காத்திருந்தார். கரையில் எங்களுக்கு முன்னால் பூவராகன் ஈரப் படகைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, உதட்டசைவால் 'சோ' என்று எடுத்துக் கொடுத்தார்.

"சோழன் இல்ல" என்றார் மாமா. முதல் வார்த்தை உடைந்தது; அடுத்தது உடையவில்லை. "மாயவரம் பாசஞ்சரு. எல்லா ஸ்டேசன்லயும் நிக்கும். யாரு வேணா ஏறலாம். கூடையோட ஏறலாம்."

மேளக்காரர்கள்கூட ஒரு அடி விட்டுவிட்டார்கள். நாட்டார் குனிந்து பெட்டிகளைப் பார்த்தார். நீலம். மஞ்சள் கோடு. கடைசியில் எக்ஸ். முதல் பெட்டியின் வாசலுக்குக் கீழே அந்தப் பழுப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார், சாயம் ஒட்டிக்கொள்கிறதா என்று.

"இது என்னா மாமா? அழுக்கா?"

மாமா வாயைத் திறப்பதற்குள் கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. "அது எங்க மீன் தண்ணி நாட்டாரே! தெனமும் நாங்க ஊத்துறது!"

சிரிப்பு கிளம்பியது. ஆனால் அது மாமா பயந்த சிரிப்பு இல்லை. பெண்கள் முன்னால் வந்துவிட்டார்கள். மாசி மக வரிசைக்குள் அவர்கள் வருகிற வழக்கம் கிடையாது. கரையில் நின்று குலவை விடுவதோடு சரி. அன்றைக்கு யாரும் அதை யோசிக்கவில்லை. நாட்டார் நிமிர்ந்தார். ஒரு அடி ஒதுங்கிக் கையைக் கடல் பக்கம் காட்டினார்.

"சரியா இருக்குது. முக்குங்க மாமா."

மாமா முழங்கால் ஆழத்துக்குப் போய், பலகையைத் தாழ்த்தி மூன்றையும் தண்ணீரில் இறக்கினார். படகு ஊற்றுகிற கை ஊற்றியது, மூன்றும் மிதந்தன. அலை தூக்கியபோது என்ஜின் முதலில் ஏறியது, சங்கிலி விறைத்தது, பெட்டிகள் பின்னாலேயே ஏறின. ஒன்றும் கழன்றுகொள்ளவில்லை. குலவைச் சத்தத்தில் அம்மன் குடையே ஆடியது. பையன்கள் பேனரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாசஞ்சரு! பாசஞ்சரு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

மாமா மூன்றையும் மறுபடி பலகையில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தார். இடுப்பு வரை ஈரம். பெண்கள் வளைத்துக்கொண்டார்கள்.

"மாமோவ், இந்த ஜன்னலு என்னுது. இங்கதான் தெனமும் உக்காருவேன்."

"போடி, அது என்னுது. ஒனக்குக் கதவாண்ட."

"ரெண்டாவது ஜன்னலாண்ட கம்பி வளைஞ்சிருக்கும். அதப் போட்டிருக்காரா பாரு. போட்டிருக்காரு! கண்ணு பாத்தியாடி இவருக்கு!"

தில்லையம்மாள் உள்ளே புகுந்து பலகையின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஓட்டுறது எம் பொண்ணு. செஞ்சது எம் புருசன். எடம் நாந்தான் குடுப்பேன். கைய எடுங்கடி, சாயம் போயிடப்போவுது."

அவர்களுக்குப் பின்னால் அடுத்த வீட்டுக்காரர் தலையில் படகோடு நின்று கழுத்து வலிக்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். தனக்கோடி மாமா தாடையிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்ட, தண்டவாள ஓரத்தில் கொடியோடு நிற்கிற ஆள் மாதிரி கையை உயர்த்தி, "தள்ளும்மா, தள்ளும்மா, பின்னாடி படகு வருது" என்றார்.